மஞ்சள் வைத்த ஷூ

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஷூ வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போய்விட்டது. என் மகன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக போனில் பார்த்து வரவழைத்த கறுப்பு ஷூ. காலை நுழைத்துப் பார்த்தான், முன்னால் இடித்தது. சோபாவில் படுத்தபடியே போனில் எதையோ தட்டினான். மறுநாள் பைக்கில் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்தார், மூடினார், வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் திருப்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, கிடையாது. பைக் உத்திரமேரூர் கடைத்தெரு பக்கம் திரும்பிய பிறகும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இன்னாப்பா, பேயடிச்ச மாரி நின்னுக்கினு கீற?" என்றான் மகன்.

"சும்மா வாங்கிக்கினு பூட்டாரே. ஒண்ணும் கேக்கலியே?"

"இன்னா கேப்பாங்க? சைஸ் சேரல. அவ்ளோதான்."

அவ்வளவுதான். சைஸ் சேரவில்லை என்று சொன்னால் போதும் என்கிற காலத்தில் பிறந்தவன். நான் உள்ளே வந்தேன். ஷூ போய்விட்டதே தவிர அதன் வாசனை கூடத்திலேயே இருந்தது. புதுத் தோல், பசை, பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய தாள் எல்லாம் கலந்த வாசனை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நிறையப் பேருக்கு அது நல்ல வேலை, நல்ல நாள் என்று எதையாவது ஞாபகப்படுத்துகிற வாசனை. எனக்கு அது மூக்கில் ஏறினால் ஜன்னலைத் திறந்துவிடத் தோன்றுகிறது. என்ன செய்வது, ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு கோளாறு.

பெருநகர் என்று பேர்தானே ஒழிய எங்கள் சொந்த ஊர் ஒரு கிராமம்; அங்கே எங்கள் தெருவில் ஷூ போட்டவர்கள் என்று பார்த்தால் அப்போது நான் ஒருவன்தான். உடனே என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். படிப்பு முடித்த கையோடு ஒரு கம்பெனியில் பயிற்சி ஆளாகச் சேர்ந்திருந்தேன். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த, நடந்தால் எருமை வருகிற மாதிரி சத்தம் போடுகிற ஒரு ஷூவை அங்கே கொடுத்திருந்தார்கள். அதை மெஷின் பக்கம் போகும்போது மட்டும் போட்டால் போதும். நான் பஸ்ஸில் போட்டேன், டீக்கடைக்குப் போட்டேன், ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கும் போட்டுக்கொண்டு போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "காலுக்கு லாடம் அட்சிக்கினு வந்துகீறான்" என்பார். அவர் வாழ்நாளில் செருப்பே பாதி நாள்தான் போட்டார். வரப்பில் செருப்பு எதற்கு? அவர் பாதம் விரல்களெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, மண்ணைப் பிடித்து நிற்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. சொந்த நிலம், தானே இறங்கிப் பயிர் வைக்கிறவர், பேச்சு சுத்தம். டீக்கடை பெஞ்சில் அவர் வந்தால் இடம் விடுவார்கள். யாரிடமும் போய்க் கை கட்டி நின்று நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஓரிக்கைக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். காஞ்சிபுரத்தை ஒட்டின ஊர் என்பதால் எங்களுக்கு அவர்கள் டவுன்காரர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்கு மாப்பிள்ளை உச்சி முதல் உள்ளங்கால் வரை போட்டுக்கொள்வது எல்லாம் பெண் வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும். கோட்டு, பேண்ட், சட்டை, பெல்ட், கடைசியில் ஷூ. பெண்ணின் தம்பி தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். நான்தான் அந்தத் தம்பி.

துணிக்கு அளவு வாங்கத் தையல்காரரை அனுப்பினோம். ஷூவுக்கு யாரை அனுப்புவது? கேட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் நைனா கேட்க மாட்டேன் என்றுவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்றே காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, பசும்பாலா பாக்கெட் பாலா என்று விசாரித்தவர். இன்னா சைஸ் என்று நாம் வாயைத் திறந்தால், ஷூ இருக்கட்டும், வண்டி எப்போ என்று அவர் வாயைத் திறந்துவிடுவார் என்பது நைனாவின் கணக்கு.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். முகூர்த்தப் பட்டு எடுப்பதைப் பற்றிப் பேச ஓரிக்கைக்குப் போயிருந்தோம். திரும்பும்போது வாசலில் எல்லோர் செருப்பும் வரிசையாகக் கிடந்தது. அதில் ஒரு ஜோடி புதுசு, பளபளவென்று தோல் செருப்பு. பக்கத்தில் வார் அறுந்து ஊக்கு குத்தின ரப்பர் செருப்பு ஒன்று. நைனா தன் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார். குனிந்தவர் கையை விரித்து அந்தத் தோல் செருப்பின் மேல் வைத்தார். ஒரு சாண், அதற்கு மேல் கொஞ்சம் விரற்கடை. நிமிர்ந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு நடந்தார். மாட்டுக்கு நுகத்தடி, கிணற்றுக்கு உறை, ஜன்னல் வைக்கச் சுவர், எல்லாவற்றையும் சாணால் அளந்தவர். தெருமுனை வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நைனா கண் சிமிட்டி நான் பார்த்தது அபூர்வம்.

அந்த வாரமே காஞ்சிபுரம் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. பேரெல்லாம் எதற்கு, இப்போது அந்த இடத்தில் போன் ரிப்பேர் செய்கிறார்கள். நைனா கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். செருப்புக் கடைக்குள் செருப்பில்லாமல் நுழைந்த ஆள் அவராகத்தான் இருக்கும். நான் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். உள்ளே ஊதுபத்தியும் ரெக்சினும் சேர்ந்த வாசனை. போட்டுப் பார்ப்பதற்காகத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று. அதில் நைனாவின் வெறும் பாதம் தெரிந்தது. குதிகால் வெடிப்புகள், நகத்தின் ஓரத்தில் போகாத சேற்று நிறம். அவரே அன்றைக்குத்தான் தன் காலை அப்படி நேராகப் பார்த்திருப்பார். மெதுவாக வேட்டியைத் தழைத்து விட்டுக்கொண்டார்.

விற்பனைக்கு நின்ற ஆள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாருக்கு பெருசு?" என்றான். எங்கள் ஊரில் நைனாவைப் பெருசு என்று யாரும் கூப்பிட்டதில்லை.

"மாப்ளைக்கு. நல்ல தோல் ஷூவா, லேஸ் வச்சது, கறுப்புல குடுங்க."

"இன்னா சைஸு?"

நைனா கையை விரித்து, சாணையும் விரற்கடையையும் காட்டினார். அந்த ஆள் கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். முதலாளியும் சிரித்தார். ஒரு ஸ்கேலை எடுத்து அந்தச் சாணை அளந்திருந்தால் முடிந்தது. அதற்குக்கூட அவன் குனியவில்லை. மேல் தட்டிலிருந்து கைக்கு வந்த பெட்டியை இறக்கி, "ஏழு போதும். எல்லாருக்கும் சேரும்" என்றான்.

"மாப்ள நல்ல ஒசரம் தம்பி. சேரலன்னா?"

"போடப் போட லூஸ் ஆயிடும். அப்படியே சேரலன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம். தாராளமா."

எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று இப்போது சொன்னால் அழகாக இருக்கும். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஷூ அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளே சந்தன நிறத்தில் மெத்தென்று தோல் தைத்திருந்தார்கள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நைனா நாலைந்து முறை திறந்து பார்த்தார். என்னிடம், "உன் லாடத்த மாரி இல்லடா இது" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு பிரச்சினை வந்தது. கல்யாணத்துக்கு வாங்கின புதுசு எதுவானாலும் ஓரத்தில் துளி மஞ்சள் தடவித்தான் எடுத்து வைப்பாள். சேலை, வேட்டி, தலையணை உறை வரை. ஷூவுக்கு வைக்கலாமா? காலில் போடுகிற பொருளுக்கு மஞ்சளா என்று அத்தை தடுத்தாள். அம்மா பெட்டியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "வுட்டா அது மட்டும் வெறுமனே போவும். மாப்ளைக்குப் போற பொருளு எதுவும் வெறுமனே போவக் கூடாது" என்று சொல்லி, மஞ்சளைக் குழைத்து, வெளியே தெரியாமல் உள்பக்கச் சந்தன நிறத் தோலில் இரண்டிலும் ஒரு பொட்டு வைத்தாள். சாமிக்கு வைப்பதைப் போல அவ்வளவு கவனமாக வைத்தாள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் காலையில்தான் விஷயம் வெளிப்பட்டது. சம்பந்தத்தைப் பேசி முடித்த பெரியப்பா வந்து தின்பண்டமெல்லாம் பார்த்து, சீர் தட்டுகளைப் பார்த்து, கடைசியில் ஷூவைக் கையில் எடுத்தார்.

"இது யாருக்குடா?"

"மாப்ளைக்குத்தான்" என்றார் நைனா.

"மாப்ள காலு இதுல பாதி கூட நொழையாதே. அவுரு காலு இன்னா காலுன்னு நெனச்ச?"

நைனா ஓரிக்கை வாசலில் அளந்த கதையைச் சொன்னார். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் புதுத் தோல் செருப்பு மாப்பிள்ளையின் தம்பியுடையது. காலேஜுக்குப் போகிற பையன் கேட்டான் என்று மாப்பிள்ளை தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஊக்கு குத்தின ரப்பர் செருப்புதான் மாப்பிள்ளையுடையது. நல்லதாக இருப்பது மாப்பிள்ளையுடையதாகத்தான் இருக்கும் என்று எந்த மாமனாரும் நினைப்பார்.

அப்போதே பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் நைனாவும் பஸ் ஏறினோம். நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. கடையில் அதே ஆள், அதே ஸ்டூல். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் "இன்னா வேணும்?" என்று புதுசாகக் கேட்டான்.

"சைஸ் சேராது தம்பி. பெரிய அளவு குடுங்க. மாத்தித் தர்றேன்னு சொன்னீங்களே."

ஷூவை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. உள்ளே பார்த்தான். மஞ்சள் இருந்தது.

"இன்னாயா இது?"

"மஞ்சா. கல்யாண வூடு இல்ல."

"மஞ்சா வச்சிக் குடுத்தா எவன் வாங்குவான்? எட்த்துக்கினு போ."

நைனா தோள் துண்டின் நுனியை எச்சில் படுத்தி அந்தப் பொட்டைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது பரவியது. பச்சை மஞ்சள், தோலில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் முதலாளிப் பக்கம் திரும்பினார். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"சார், நாளைக்கு மாப்ள அழைப்பு. பொண்ணு கல்யாணம் சார். அந்தப் பக்கம் ஒரு மனுசன் கீறாரு, இத ஒண்ண வச்சே பொண்ண காலம் பூரா பேசுவாரு. பாத்து செய்யுங்க சார்."

தன் மகன் வயசுக்காரனை சார் என்றார். முதலாளி டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்க்கவில்லை. "படிச்ச பையன் மாதிரி இருக்கியே, நீ சொல்லக் கூடாதா? யூஸ் பண்ண பொருளை எப்படிப்பா எடுக்கறது? கல்யாணம் முடிஞ்சு வாங்க, பாக்கலாம்." கல்யாணம் முடிந்து வந்து என்ன பார்ப்பது? நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. நைனா என் கையைப் பிடித்து அழுத்தினார். விற்கிற ஆள் போனால் போகிறது என்று ஒரு யோசனை சொன்னான். ராத்திரி பூரா ஈரத்தை அடைத்து வைத்தால் தோல் விரிந்து கொடுக்குமாம். கல்யாணச் செலவில் எல்லாம் போய், இன்னொரு கடையில் ஏறுகிற நிலையில் நாங்கள் இல்லை. வெளியே வந்தால் கதவோரம் விட்ட நைனாவின் செருப்பை யாரோ காலால் தள்ளி, ஒன்று சாக்கடை ஓரம் கிடந்தது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "வா, பஸ்ஸு பூடும்" என்றார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஈரம் என்றானே ஒழிய எதன் ஈரம் என்று சொல்லவில்லை. நைனாவுக்குத் தெரிந்த ஈரம் ஒன்றுதான். விதை நெல்லை ஊற வைத்தால் அது பெருத்துச் சாக்கையே பிதுக்கிவிடும். பழைய துணியில் நெல்லை முடிந்து, நனைத்து, இரண்டு ஷூவிலும் விரல் நுனி வரை திணித்து வைத்தார். கல்யாண வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால், பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்திருந்தது. நீளம் நீளமாகவே இருந்தது. நான் பாலீஷ் போட்டுத் தேய்த்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் உத்திரமேரூரில், மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு உடுத்திவிட்டோம். சட்டை, கோட்டு எல்லாம் பொருந்தியது. ஷூவை நான் குனிந்து வைத்தேன். மாப்பிள்ளை காலை நுழைத்தார். பாதி போய் நின்றது. நான் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பின்னால் நைனா நிற்கிறார் என்று தெரியும், அவர் மூச்சு கேட்டது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உள்ளே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. லேஸைக்கூட அவரே கட்டிக்கொண்டார்.

போதாததற்கு அலங்காரம் செய்த கார் வழியிலேயே படுத்துவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பேண்டு வாத்தியத்தோடு நடந்தே போகலாம் என்றார்கள். பேண்டு வாத்தியம் எப்படி நடக்கும்? பத்தடிக்கு ஒரு பாட்டு. எல்லோரும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார்கள். நைனா மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக வந்தார். அந்தத் தாய்மாமனும் சும்மா இருக்கவில்லை.

"இன்னாடா, ஒரு மாதிரியா நடக்கற? ஷூ சேரலியா?"

மாப்பிள்ளை நைனா இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாத்தியத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அளவெட்த்துத் தச்சாப்பல கீது மாமா."

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மண்டபம் வரை மாப்பிள்ளை நிமிர்ந்து நடந்து வந்தார். அவர் எனக்கு அந்த நிமிஷமே மாமாவாகிவிட்டார். தாலி எல்லாம் மறுநாள் சடங்குக்குத்தான்.

உள்ளே என்ன நடந்தது என்று அக்கா சில மாதம் கழித்துச் சொன்னாள். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்துப் போய்ப் பிறகு விழுந்துவிட்டதாம். சாக்ஸைக் கழற்றும்போது தோலும் கூட வந்ததாம். உள்ளே ஊறின நெல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்து, அது வேறு குத்தியிருக்கிறது. "கேட்டதுக்கு, எங்க நைனா காதுல மட்டும் போட்ராதன்னு சொல்றாரு" என்று அக்கா சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? அம்மாவுக்குத் தெரிந்தது, நைனாவுக்குத் தெரிந்தது, பெருநகருக்கே தெரிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் காதுகுத்து, மஞ்சள் நீர், எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கதை வந்துவிடும். நைனா சொன்னால் கடைக்காரனை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் சொல்வார். நான் சொன்னால் கடைக்காரனை நாலு திட்டுத் திட்டிச் சொல்வேன். பெரியப்பா சொன்னால் நடந்த தூரம் ஒவ்வொரு தடவையும் கூடும். "மன்சன்னா இவுருதான்யா மன்சன்" என்று முடிப்பார்கள். மாமா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அவர் சுபாவமே அப்படி ஆகிவிட்டது. ஆய்வகத்தில் ஏதோ திராவகம் கையில் தெறித்துப் புண்ணாகி, அதைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தார். பல் வலியில் கன்னம் வீங்கினபோது கொசு என்றார். அக்கா கோபப்பட்டால் நாங்கள்தான் சமாதானம் சொல்வோம், ஷூவையே தாங்கின மனுஷன் இதையா தாங்க மாட்டார் என்று. எல்லோரும் சிரிப்போம்.

நைனா முதுமையில், படுக்கையில் கிடக்காமல் போனார். மாமாதான் எல்லாக் காரியத்தையும் முன்னே நின்று செய்தார். அது ஒரு நிறைவான சாவு. அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு அறுவடைக்கு மாமா பெருநகர் வந்திருந்தார். களத்து மேட்டில் நின்றவர் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்து, வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா மாமா, ஒடம்புக்கு முடியலியா?" என்றேன். "வெயிலுடா" என்றார். மார்கழி வெயில். நானும் தலையாட்டினேன். மோர் குடித்தார், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. டாக்டர் வயசில் சின்னவர். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டார். "ரெண்டு மூணு நாளாவே வலி இருந்திருக்கணுமே. உங்க கிட்ட சொல்லலியா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்ல மாட்டாரு சார்" என்றாள்.

காரியத்தன்று உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தோம். அவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை பேச வேண்டும் இல்லையா? யாரோ ஒருவர் ஆரம்பித்தார். அந்த மாப்ள அழைப்பு அன்னிக்கி, ஷூ சேராம, என்று. நானும் ஆமாம் ஆமாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே இருந்து அக்கா வந்தாள்.

"நிறுத்துங்க."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பேச்சு நின்றுவிட்டது.

"இந்தக் கதையச் சொல்லிச் சொல்லியே அந்த மன்சன வாயத் தொறக்க வுடாம பண்ணிட்டீங்க. வலிக்குதுன்னு சொன்னா உங்க கதை கெட்டுப்பூடும் இல்ல? நானுந்தான் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். பெருமையா சொன்னேன். இனிமே இந்த வூட்ல யாரும் அதச் சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை. அன்றோடு போயிற்று. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், வீட்டில் சொல்ல முடியாததை நண்பரிடம்தானே சொல்ல முடியும். நான் அந்தக் கடைக்காரனை எத்தனையோ நாள் மனசுக்குள் நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை குனிந்திருந்தால் என்னய்யா உனக்கு? ஒரு மஞ்சள் பொட்டைத் துடைத்துவிட்டு மாற்றிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பாய்? அவன் மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தக் கதை பிறந்திருக்காது. கதை இல்லாவிட்டால் மாமா நெஞ்சு வலி என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. இது நியாயமான கேள்வி இல்லை என்று எனக்கும் தெரிகிறது. துக்கம் நியாயம் பார்த்துக்கொண்டா வருகிறது?

இப்போது அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கூடப் பிறந்த பையன் இல்லை, தகப்பனும் இல்லை, தாய்மாமன் நான்தான் எல்லாம். இந்தக் காலத்தில் அளவெடுக்கிற வேலை இல்லை, மாப்பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். இரண்டு நாள் முன்பு அவரோடு காஞ்சிபுரம் கடைக்குப் போய் வந்தேன். விலை உயர்ந்த கடை. ஆனாலும் அங்கே நின்ற பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடிதான் பெட்டியை நீட்டினான். மாப்பிள்ளை முதல் ஜோடியைப் போட்டு இரண்டு எட்டு வைத்தார். நின்றார். "கடிக்குது. வேற எடுங்க" என்றார். கடைப் பையன் முகத்தைச் சுளித்தான். இரண்டாவதையும் போட்டுப் பார்த்து, "இதுவும் கடிக்குதுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காதீங்க மாமா" என்றார். நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. எடுக்கச் சொல்லுங்க, கடையே காலியானாலும் பரவாயில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேரே ஓரிக்கைக்குப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "எட்த்தாச்சா?" என்றாள்.

"நாலஞ்சு ஜோடி பாத்துத்தான் எட்த்தாரு. முன்னாடி போட்டதெல்லாம் வேணான்னுட்டாரு."

"ஏன்?"

"கடிக்குதுன்னாரு."

அவள் கை நின்றுவிட்டது. "யாரு சொன்னது? கடைக்காரனா?"

"அவுரேதான்க்கா."

"உன் எதுர்லியா? வாயத் தொறந்து, கடிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. விரலெல்லாம் மஞ்சளாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

"அப்போ பொழச்சிக்குவாருடா" என்றாள்.

வருகிற தையில் கல்யாணம். ஓரிக்கை வீட்டில் எல்லாம் நல்லபடியாகவே நடக்கும். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலைக்கு உட்காருவோம். அந்தக் கதையை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். பேச்சின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்க அங்கே ஒருவர் இருக்க மாட்டார்.